கறுப்பு வயரை எங்கே பொருத்துவது

1

இந்தக் கதைக்கு வித்து என் சொந்த வாய்தான். போன பங்குனியில், நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மேடையில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்: “தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இந்நிகழ்ச்சி இத்துடன் இடைநிறுத்தப்படுகிறது.”

நிகழ்ச்சி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. மேடையில் பிரேமினி எலக்ட்ரிக் கிட்டாரோடு நின்றாள். பக்கத்தில் அவளுடைய சித்தப்பா வீரய்யா தப்புப் பறையோடு நின்றார். ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து பாட்டுக்கு மேலாக ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்தால் வருமே, அப்படி. முன்வரிசையில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் எழுந்தே விட்டார்கள். நான் அறிவித்தேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. அடுத்த நாள் கடைவீதியில் என் தமிழைப் பாராட்டினார்கள்.

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியன். கோயில் கமிட்டியின் செயலாளர். எங்கே ஒலிவாங்கி இருக்கிறதோ அங்கே கூப்பிடப்படுகிறவன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். இந்த நாலு பேரில் கதைகாரன் ஒருவனைத்தான் கொஞ்சமாவது நம்பலாம். அவனையும் என் பக்கத்தில் நிற்கவிட்டால் என்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பான். ஆகையால் பிரேமினியின் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அங்கிருந்து சொல்லட்டும்.

2

முதல் தொடக்கம்:

பனி மூடிய மலைச்சரிவில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல—

வேண்டாம். மலையகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகப் பனிக்குள் நடந்துபோய்விடுகிறது. அன்றைக்கு நல்ல வெயில்.

இரண்டாவது தொடக்கம்:

மேடையிலிருந்து இறங்கியதும் பிரேமினி கோயிலுக்குப் பின்னால் போய்த் தேம்பித் தேம்பி அழுதாள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

“யாரு சேர் அழுதது?”

“நீதான்.”

“நான் எங்க அழுதேன்? வயரைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன்.”

“கதைக்கு அது வேணும் பிள்ள.”

“கதைக்கு வேணும்னா நீங்க அழுங்க.”

அந்த வரியை அடித்துவிட்டேன். (அடித்ததை ஏன் உங்களுக்குக் காட்டுகிறேன் என்றால், ஒரு பெண் தோற்றால் அழ வேண்டும் என்று என் பேனா நினைத்திருக்கிறது. அதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.)

மூன்றாவது தொடக்கம்:

பிரேமினி கிட்டாரைக் குப்புறக் கிடத்தி, முதுகுத் தகட்டின் நாலு திருகாணிகளையும் கழற்றினாள்.

சரி. கதை இங்கேதான் தொடங்குகிறது. இது நடந்தது இந்த மாசியில். அதற்கு முதல் நாள் கமிட்டியிடமிருந்து அவளுக்குக் கடிதம் போயிருந்தது. எழுதியவன் நான். ‘இவ்வருடத் திருவிழாவில் கிட்டார் இடம்பெறாது, ஓர்கன் மாத்திரம் போதுமானது.’ அவள் நேரே தலைவர் பொன்னையாவின் வாசலுக்குப் போய் நின்றாள். இரைச்சல்தானே குறை, இரைச்சல் இல்லாமல் வாசித்தால் விடுவீர்களா என்று கேட்டாள். வாசலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர், வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை மேடையில் வாசித்துக் காட்டு, கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்.

அவளுக்கு இருந்தது பத்து நாள். அந்த மேடைக்காகவே அவளும் சித்தப்பாவும் சேர்ந்து கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. அதை இதுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. நான் கேட்கவிடவில்லை.

3

பிரேமினி எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். எட்டு வருட வேலை. இந்த வேலைக்கு ஒரு பொம்பளையா என்று முகம் சுளித்தவர்கள்தான், தேயிலை காயவைக்கும் இயந்திரம் நின்றுபோன அன்று அவளைத் தேடி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்கு ஓடினார்கள்.

கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கே அவள் மூன்று தடவை விளங்கப்படுத்தினாள். கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கிறது. காந்தம், அதைச் சுற்றிச் செப்புக்கம்பிச் சுருள். மேலே கிட்டார்க் கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கினால் பாட்டு. ஆனால் சுருளுக்கு நல்லது கெட்டது தெரியாது. பக்கத்தில் ஓடும் மோட்டார், காற்றாடி, மின்கம்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அதையும் சேர்த்துப் பாடும். அதுதான் இரைச்சல். இதற்கு மருந்தாக, ஒரு சுருளுக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில், காந்தத்தையும் தலைகீழாகத் திருப்பி, இன்னொரு சுருளை வைத்துக் கட்டினார்கள். இரண்டு சுருளும் பாட்டைக் கூட்டும், இரைச்சலை ஒன்றுக்கொன்று கழித்துவிடும். அந்த இரட்டைப் பிக்கப்புக்குப் பெயர் ஹம்பக்கர். பிரேமினியின் கிட்டாரில் கழுத்துப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என இரண்டு ஹம்பக்கர், அவளே வாங்கிப் பூட்டியவை.*

* ‘சுருள்’ நான் போட்ட சொல். அவளும் மற்றவர்களும் ‘கொயில்’ என்பார்கள். கோயிலைப் பற்றிய கதையில் அது வாசகரைத் தடுக்கிவிழ வைக்கும் என்பதால் அவர்கள் பேச்சிலும் கைவைத்து மாற்றியிருக்கிறேன். வேறெங்கும் கைவைக்கவில்லை.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வர வேண்டும். இரைச்சலைக் கழிக்கும் பிக்கப் என்றால், போன வருடம் இரைந்தது ஏன்?

பிரேமினிக்கும் அந்தக் கேள்விதான் ஒரு வருடமாக இருந்தது. மேடைக்குத் தொழிற்சாலையிலிருந்து இழுத்த மின்சாரம் சரியில்லை என்றாள். பெட்டிகள் சரியில்லை என்றாள். ஒலிபெருக்கிக்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தகட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான், இரண்டு பிக்கப்பிலும் ஒவ்வொரு வெள்ளை வயர் ஒட்டுநாடா சுற்றி ஓரமாகக் கிடந்ததைக் கண்டாள். சுற்றியவள் அவள்தான்.

ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் நாலு வயர் வரும். கறுப்பும் வெள்ளையும் ஒரு சுருளின் இரண்டு முனை. சிவப்பும் பச்சையும் மற்றச் சுருளின் இரண்டு முனை. நம்முடைய தொழிற்சாலையின் வயரிங் வெள்ளைக்காரன் காலத்து முறை. சிவப்பு என்றால் மின்சாரம் வருகிற வயர். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். இதை மறந்தவன் அடுத்த நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரமாட்டான். ஹம்பக்கர் பெட்டியோடு வந்த படத்தைப் பிரேமினி விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, கை ஆயிரம் தடவை செய்த வேலை. சிவப்பை வெளியே போகும் வயரில் ஈயம் வைத்தாள். பச்சையை எர்த்துக்குக் கொண்டுபோனாள். கறுப்பையும் அங்கேயே கட்டினாள். வெள்ளைக்கு அவளறிந்த வயரிங்கில் வேலையில்லை, நாடாவைச் சுற்றிவிட்டாள்.

இரட்டைச் சுருளை வாங்கி ஒற்றைச் சுருளாக ஓட்டியிருக்கிறாள். இரண்டிலும் ஒரு பாதி செத்துக் கிடந்திருக்கிறது. கழிப்பதற்கு ஆளில்லாத இரைச்சல் அவ்வளவும் பெட்டிக்குப் போயிருக்கிறது.

அவளுக்குக் காது மடல்வரை வெட்கம் ஏறியது. ஊரெல்லாம் பழி சொன்னோமே என்று. இதைக் கதையில் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

“ஏன் விடணும்? என் கைப் பிழைதானே. எழுதுங்க.”

4

ஸஜ்ஜாத் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. நோர்வூட் கடைவீதியில் ரேடியோ, அம்ப்ளிபயர், சோறு சமைக்கும் குக்கர் எல்லாம் திருத்துகிறவர். தேவையான நேரத்தில் தேவையான சாமானோடு வந்து நிற்கும் கடைக்கார நண்பர், கதைகளில் கொஞ்சம் சௌகரியமான ஆள். எடுத்துவிடலாமா என்று யோசித்து, அவரிடமே போய்ச் சொன்னேன்.

“எடுக்கிறது எண்டா எடுங்க, எனக்கு ஒண்டுமில்ல. ஆனா தங்கச்சிட கிட்டார்ல பூட்டின அந்த சுவிட்ச் எங்கேருந்து வந்த எண்டு ஆக்கள் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

ஆகவே ஸஜ்ஜாத் இருக்கிறார்.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் காலையில் பிரேமினி கிட்டாரோடு அவர் கடைக்குப் போனாள். பக்கத்துக் கடை மிளகாய் அரைக்கும் மில். அதன் மோட்டார் ஓடினால் கிட்டார் இரையும். சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. படத்தைப் பார்த்து ஸஜ்ஜாத் தன் கையாலேயே பொருத்தினார். வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்துக் கட்டினார், பச்சை எர்த்துக்கு, கறுப்பு வெளியே போகும் வயருக்கு. அவர் கறுப்பை அங்கே கொண்டுபோனபோது பிரேமினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மில் ஓடியது. கிட்டாரில் ஓர் இரைச்சலும் இல்லை. ஸஜ்ஜாத் கையைத் தட்டி, “மாஷா அல்லாஹ், முடிஞ்சிது” என்றார்.

(கதையை இங்கேயே முடித்துவிடலாம். பிழை நடந்தது, திருத்தினாள், சுபம். நானும் அப்படித்தான் ஒரு பிரதியை முடித்து வைத்திருந்தேன்.)

பின்னேரம் லயத்து முற்றத்தில் அவளும் வீரய்யாவும் பாட்டை வாசித்துப் பார்த்தார்கள். பாதியில் வீரய்யா கையை நிறுத்தினார்.

“என்னா சித்தப்பா?”

“சத்தம் நல்லா மொத்தமா, பெருசா இருக்கு. நான் அடிக்கிறதுதான் எனக்கே கேக்கல.”

அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்தப் பாட்டு, தப்பின் இரண்டு அடிக்கு நடுவே விடுபடும் இடத்தில் கிட்டார் மெல்லிசாக வந்து விழுந்து விலகுகிற பாட்டு. பிழையாக வயர் கட்டிய கிட்டாரில், ஒற்றைச் சுருளின் கூர்மையான குரலில்தான் அதைக் கட்டியிருந்தாள். இரண்டு சுருளும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்தபோது குரல் தடித்துப்போய், தப்பின்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டது. இரைச்சல் போனது, அதோடு பாட்டும் போனது.

வீரய்யா தப்பை மடியில் வைத்துத் தடவினார். “பேசாம நீ மட்டும் மேடையில ஏறு பிரேமி. நான் கீழ நின்னுக்கிறேன். நமக்கு அது பழக்கந்தானே.”

“பாட்டே உங்க அடியிலதான் இருக்கு. நீங்க கீழன்னா நானும் கீழதான்.”

“கோவப்படாத.”

“கோவமில்ல. இன்னும் ஆறு நாள் இருக்கு.”

5

கொழுந்தை எடைபோட்டதும் கொடுக்கும் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

முழுசு – இரைச்சல் இல்ல – தப்பு கேக்காது
ஒத்தச் சுருள் – தப்பு கேக்கும் – இரைச்சல்
ரெண்டும் பக்கம் பக்கமா – ?
வெளிச் சுருள் ரெண்டு – ?
ஒண்ணு வெளி, ஒண்ணு உள் – ?

வேலை முடிந்து தினமும் பஸ் ஏறி ஸஜ்ஜாத்தின் கடைக்குப் போனாள். மூன்றாவதை முதலில் ஸஜ்ஜாத்தைக் கொண்டு கட்டிப்பார்த்தாள். ஒரே பிக்கப்பின் இரண்டு சுருளையும் தொடராக இல்லாமல் பக்கம் பக்கமாக இணைப்பது. இரைச்சல் இல்லை, குரலும் மெலிந்தது, ஆனால் விரதம் இருந்தவள் பாடுகிற மாதிரி சோர்ந்திருந்தது. தப்புக்குப் பக்கத்தில் அது எடுபடாது. அந்த வரியை அடித்தாள்.

அடுத்தது வெளிச் சுருள் இரண்டு. கழுத்துப் பக்கப் பிக்கப்பில் கழுத்தை ஒட்டியது, அடிப்பக்கப் பிக்கப்பில் அடியை ஒட்டியது. எதிரெதிர் ஓரங்கள், ஆகவே எதிரெதிர்த் திசை, இரைச்சல் கழியும் என்று நினைத்தாள். கழியவில்லை. மில் ஓடினால் குளவி. துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் யோசித்தாள். பிறகுதான் ஸஜ்ஜாத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் ‘நானா’ என்போம்.)

“நானா, அடிப்பக்கப் பிக்கப்பைத் திருப்பிப் பூட்டியிருக்கு. அப்ப வெளிச் சுருள் ரெண்டும் ஒரே திசை. உள்ள இருக்கிற ரெண்டும் ஒரே திசை. ஒண்ணு வெளியருந்து எடுக்கணும், ஒண்ணு உள்ளருந்து எடுக்கணும்.”

“அப்ப எடுங்க.”

எடுப்பதென்றால், கழுத்துப் பக்கத்தில் இதுவரை அவள் தொடாத சுருளை எழுப்ப வேண்டும். கறுப்பு வெள்ளைச் சுருள். இந்த முறை ஈயம் வைத்தது அவள் கை. பொருத்தி, மில்லைப் போடச் சொல்லி, வாசித்தாள். இரைச்சல் முன்னைவிட இரட்டிப்பாக வந்தது. குரல் மூக்கடைத்த ஆள் டெலிபோனில் பேசுகிற மாதிரி இருந்தது.

“தங்கச்சி, கறுப்பை எர்த்துல வெச்சிருக்கிறீங்க. தலைகீழ்.”

கழற்றினாள். மறுபடி பொருத்தினாள். மறுபடியும் அதே இரைச்சல், அதே மூக்கு.

“திரும்பவும் கறுப்பு எர்த்துக்குத்தான் போய் இரிக்கு.”

“தெரியும் நானா. கை போகுது.”

“இதுல ஷொக் அடிக்காது. ஒரு டோர்ச் பெட்டரி அளவுகூட இல்ல.”

“மண்டைக்குத் தெரியுது. கைக்குத் தெரியல.”

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பழைய விபத்தைக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். அவள் கண்முன்னே மின்சாரம் தாக்கி ஒருவர்— வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததற்குக் காரணம்தான் அந்தக் கை.)

எட்டு வருடமாக அந்தக் கையை உயிரோடு வைத்திருந்தது ஒரே பழக்கம். கறுப்பை அதன் இடத்தில் வைப்பது. இப்போது அந்தப் பழக்கம்தான் குறுக்கே நின்றது. பிரேமினிக்கு எரிச்சல் வந்தது. எழுந்து கடைக்கு வெளியே போய், குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். கறுப்பு வயரை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, கேட்கும்படியாகச் சொன்னாள்: “நீ மேல போற.” வெளியே போகும் வயரின் முனைக்குக் கொண்டுபோய் ஈயத்தை உருக்கி வைத்தாள். ஆறும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு வெள்ளையை எர்த்தில் வைத்தாள்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கம்பிகளை ஒரு தடவை வருடினாள்.

இரைச்சல் இல்லை. குரல் மெல்லிசாக, கூர்மையாக, முழு உயிரோடு வந்தது. மிளகாய் அரைக்க வந்த அம்மா ஒருத்தி எட்டிப்பார்த்து, “ரேடியோவா தம்பி?” என்று ஸஜ்ஜாத்திடம் கேட்டாள். பிரேமினி சிரித்தாள். நான் அறிய அந்தப் பத்து நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மிச்சம் இருந்தது சுவிட்ச். சாதாரணக் கிட்டார் சுவிட்சால் இத்தனை வயரை மாற்றிப்போட முடியாது. ஸஜ்ஜாத் செத்துப்போன பழைய ரேடியோ ஒன்றிலிருந்து அலைவரிசை மாற்றும் குமிழைக் கழற்றித் தந்தார். மூன்று நிலை. முதலாவதில் முழுசு. இரண்டாவதில் ஒன்று வெளி, ஒன்று உள். மூன்றாவதுக்கு என்ன என்று கேட்டார்.

“போன வருசத்து ஒத்தச் சுருள்.”

“அந்த இரைச்சலா? அத ஏன் வெச்சிக்கொள்றீங்க?”

“அவங்க இரைச்சல்னு சொன்னது எதைன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

6

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: சனிக்கிழமை, பாட்டின் உச்சத்தில் மின்சாரம் போகிறது. கிட்டார் ஊமையாகிறது. தப்பு மட்டும் ஒலிக்கிறது. எழுத்தாளனுக்கு நெருக்கடி வந்தால் மின்சாரத்தை நிறுத்துவது பழைய வழக்கம். ஒரு எலக்ட்ரீஷியனின் கதையில் அதைச் செய்தால் என்னை உயிரோடு விடமாட்டாள்.

இரண்டு: பாட்டைக் கேட்டுத் தலைவர் கண் கலங்குகிறார். பொன்னையாவை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவர் கண் கலங்கி நான் பார்த்தது பல்வலிக்கு மட்டும்தான்.

மூன்று: என்ன செய்தும் இரைச்சல் வந்துவிடுகிறது. பிரேமினி கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு—

இந்த மூன்றாவதை எழுதும்போது என் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. அது எனக்கே உறுத்தியது. இரைச்சல் வந்தால்தானே போன வருடம் நான் செய்தது சரியாகும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. முதல் பகுதியில் நான் ஒப்புக்கொண்டது பாதிதான். மற்றப் பாதி இது.

போன வருடம் அவர்கள் மேடையேறுவதற்குச் சற்று முன் தலைவர் என்னை ஒதுக்கிக் கூப்பிட்டார். “மாஸ்டர், தப்பு தேருக்கு முன்னால போகட்டும், யாரு வேணாங்கிறா? மேடையில எதுக்கு? சாமிக்கு நேரா, எல்லாரும் உக்காந்திருக்கிற எடத்துல, அவங்க…” என்று நிறுத்தினார். நான் தலையை ஆட்டினேன். நிறுத்திய இடத்துக்கு அப்பால் என்ன என்று எங்கள் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். தப்படிக்கிறவர்களின் லயம் எது, அந்த லயத்துத் தேத்தண்ணியை யார் குடிக்கமாட்டார்கள், எல்லாம் தெரியும். பிரேமினியும் அந்த லயம்தான். என்ன சொல்லி நிறுத்துவது என்றுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்போது பெட்டிகள் இரைந்தன. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒலிவாங்கிக்கு ஓடினேன்.

அன்று காலையிலிருந்து அதே பெட்டிகளில் பக்திப்பாட்டும் கரகரவென்றுதான் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இந்தப் பகுதியைப் பிரேமினியிடம் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் கேட்டாள்: “இதையும் போடுவீங்களா?”

“போட்டா நான் கமிட்டியில இருக்க முடியாது.”

“அது உங்க பிரச்சன சேர். நாளைக்கு அங்க இருப்பீங்கதானே?”

“இருப்பேன்.”

“அப்ப நாளைக்குப் பாப்போம்.”

7

சனிக்கிழமை மூன்று மணி என்று நேரம் குறித்தது அவள். கொழுந்து வந்து, தொழிற்சாலை மாடியில் அதை வாட்டும் காற்றாடிகள் எல்லாம் ஓடுகிற நேரம். மேடை சரியாக அதற்குக் கீழே, கோயிலுக்கு எதிரேயுள்ள விளையாட்டுத் திடலில். ஞாயிற்றுக்கிழமை அமைதியாக வைத்துக்கொள்ளலாமே என்று தலைவர்கூடச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

“எல்லா மோட்டாரும் ஓடட்டும் தலைவரே. பொறகு ஒரு பேச்சு வரக்கூடாது.”

கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் கதிரையில் உட்கார்ந்தோம். கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் கூடையோடு திடலின் ஓரத்தில் நின்றார்கள். வீரய்யா தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு வந்து மேடையில் ஏறினார். ஏறும்போது ஒரு தடவை எங்களைப் பார்த்தார். பிரேமினி குமிழை மூன்றாம் நிலைக்குத் திருப்பினாள். குளவிக்கூடு கலைந்தது.

“இது போன வருசம்,” என்றாள் ஒலிவாங்கியில். “கரண்டுக் குறையுமில்ல, பொக்ஸ் குறையுமில்ல. நான் வயரைப் பிழையாக் கட்டினேன். அதுக்கு எல்லாரும் மன்னிச்சுக்கங்க.”

குமிழை ஒரு நிலை திருப்பினாள். இரைச்சல் நின்றது. மாடியில் காற்றாடிகள் ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

வீரய்யா தொடங்கினார். நாலு நிமிடப் பாட்டு. தப்பின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. அடிக்கும் அடிக்கும் நடுவே கிட்டார் வந்து, ஒரு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கி, அடுத்த அடிக்கு இடம்விட்டது. பிறகு தப்பு ஒதுங்கிக் கிட்டாருக்கு இடம்விட்டது. பாட்டை அழகாக வர்ணிக்க எனக்குத் தெரியும். செய்யப்போவதில்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இதை ஒரு வருடத்துக்கு முன்னே கேட்டிருக்கலாமே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. ஓரத்தில் நின்ற பெண்களில் அழகம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். ஓய்ந்ததும் எல்லோரும் கதிரைகளின் பக்கம் திரும்பினார்கள்.

பொன்னையா எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“சத்தம் சுத்தமா இருக்கு. அதுல ஒரு குறை சொல்ல முடியாது. பாட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா…”

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

கமிட்டியில் ஒரு வழக்கம் உண்டு. தலைவருக்கு மனதில் உள்ளது வாயில் சரியாக வராத இடத்தில் செயலாளர் சொல்லை எடுத்துக்கொடுப்பார். மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கில் சொற்கள் வரிசையாக வந்து நின்றன. நேர நெருக்கடி. நிகழ்ச்சி நிரல். ஆலய மரபு. சம்பிரதாயம். எல்லாம் நல்ல சொற்கள். எந்த மேடையிலும் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

நானும் எழுந்தேன். “எனக்குச் சொல்லு வரல தலைவரே. நீங்களே சொல்லுங்க,” என்றேன். உட்கார்ந்தேன்.

மேடையில் வீரய்யா தப்பைக் கீழே வைக்கவில்லை. பிரேமினி கிட்டாரின் கம்பிகளில் கையைப் பதித்து நின்றாள்.

“ஆனா?” என்றாள். “சொல்லுங்க தலைவரே.”

அவர் சொன்னாரா, என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நான் எழுதினால் அது மறுபடி என் தமிழில், காது கூசாத மாதிரி மெருகேறி வந்துவிடும். அந்தச் சொல்லை ஒரு தடவை ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று மெருகேற்றிக் கொடுத்தது போதும்.

வாசகரே, ‘ஆனா’வுக்கு அடுத்தது என்ன என்று உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். உங்கள் வாயிலேயே வந்துமிருக்கலாம். எழுந்திருங்கள். வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள், அல்லது ‘ஆனா’வையும் சேர்த்து விழுங்கிவிட்டு உட்காருங்கள். எதைச் செய்தாலும் சத்தமாக, அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். இப்போது மேடையில் இரைச்சல் எதுவும் இல்லை. நீங்கள் சொல்வது தெளிவாகக் கேட்கும்.